நாளைய கோழியும் நேற்றைய சேவலும்

நெல்லும் கோதுமையும் காட்டுப் புல்லாக இருந்து மனிதனின் கைபட்டு உணவுத் தானியங்களான கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின், அந்தச் சோற்றின் பக்கத்தில் இன்று எளிதாக இடம்பெற்றுவிட்ட கோழி இறைச்சிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. நூறு ஆண்டுகளுக்கு முன்னர், இறைச்சிக்கென்றே பெருமளவில் கோழி வளர்க்கும் வழக்கம் உலகின் பெரும்பாலான நாடுகளில் இல்லை. முட்டையிட்டு ஓய்ந்த பெட்டைகளும், கூட்டத்திற்கு மிகுதியான இளஞ்சேவல்களுமே அடுப்பேறின. விருந்தாளி வந்த நாளிலும் திருநாளிலும் மட்டுமே கோழிக்கறி மணந்தது.

இந்நிலையை மாற்றியது கலப்பினச் சேர்க்கை என்னும் கலை. அக்கலையின் துணைகொண்டு அமெரிக்க மக்கள் தம் நாட்டுக்கென ஓர் இறைச்சிக்கோழியைப் படைத்துக்கொண்டனர். அந்தப் படைப்பில் தென்னிந்தியக் காட்டுக்கும் மலாய் மண்ணுக்கும் பங்குண்டு. கோழியை வளர்ப்பவனே அதன் வழிமரபுக்கும் உரியவனாக இருந்த பழைய நிலை கைநழுவிப் போனதும் அந்த வரலாற்றில் அடங்கியதே.

காடு தந்த செல்வம்

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி ஆகும். 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, வீட்டுக்கோழியின் மிகப் பழைய எலும்புகள் நடுத் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்தவை என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது என்றும் கூறுகிறது. நெல்லும் தினையும் விளைந்த வயல்களில் சிந்திய மணிகளைத் தேடி வந்த பறவை, மெல்ல மெல்ல மனிதனின் முற்றத்தில் தங்கிவிட்டது என்பது அவ்வாய்வாளரின் கருத்து.

ஆயினும் செந்நிறக் காட்டுக்கோழி ஒன்றே கோழியினத்தின் முழு மூதாதை என்று கூறிவிட இயலாது. இன்று சந்தையில் காணும் மஞ்சள் தோலுடைய கோழிகளின் அந்நிறத்திற்குரிய மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பதை 2008ஆம் ஆண்டின் ஆய்வொன்று புலப்படுத்தியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவித் திரியும் அப்பறவை, உலகம் உண்ணும் கோழியின் தோலில் தன் அடையாளத்தைப் பதித்திருக்கிறது.

பழங்கால மக்கள் கோழியை முதலில் விரும்பியது அதன் இறைச்சிக்காக மட்டுமன்று. விடியலை அறிவிக்கும் அதன் குரலும், எதிரியைக் கண்டு பின்வாங்காத அதன் மறமும் அவர்களைக் கவர்ந்தன. சேவல் ஒன்று யானையைப் பொருது வென்றதாகக் கூறும் பழங்கதையால் சோழர் தலைநகராகிய உறையூர், 'கோழி' என்றே பெயர் பெற்றது. முருகனின் கொடியில் அமர்ந்ததும் சேவலே. போருக்கென்று பல நூறு ஆண்டுகள் தெரிந்தெடுத்து வளர்த்த சேவல்களின் உடற்கட்டு, பிற்காலத்தில் முற்றிலும் வேறான ஒரு பயனைத் தந்தது.

கார்ன்வாலில் நேர்ந்த ஏமாற்றம்

இந்தியாவின் போர்ச்சேவல்களுள் புகழ்பெற்றது 'அசில்'. தூய வழியில் வந்தது என்பது அச்சொல்லின் பொருள். தமிழில் வழங்கும் 'அசல்' என்னும் சொல்லும் அதே அரபு வேரிலிருந்து பிறந்ததேயாகும். அகன்ற மார்பும், தடித்த கால்களும், இறுகிய தசையும் உடைய பறவை அது. மலாய்ச் சேவலோ நெடிய கழுத்தும் உயர்ந்த கால்களும் கொண்டு, நிமிர்ந்து நின்றால் முக்கால் மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள கார்ன்வால் பகுதியைச் சேர்ந்தவர் சர் வால்டர் கில்பர்ட். இந்தியாவில் கும்பினியின் வங்காளப் படையில் பணியாற்றியவர். ஏறத்தாழ 1820ஆம் ஆண்டளவில் அவர் இந்தியாவிலிருந்து வந்த அசில் சேவல்களை ஆங்கிலேயப் போர்ச்சேவல்களோடு இணைத்துப் புதிய இனம் ஒன்றைத் தோற்றுவித்தார் என்று மரபாகக் கூறப்படுகிறது. பின்னர் மலாய்ச் சேவலின் குருதியும் அதனோடு கலந்தது. வெல்ல முடியாத போர்ச்சேவல் ஒன்றைப் பெறுவதே நோக்கம். ஆனால் பிறந்த பறவை போருக்கு உதவவில்லை. உடல் பருத்து, கால் குட்டையாகி, களத்தில் விரைந்து சுழல முடியாததாக அது அமைந்தது. அதோடு 1835இல் பிரிட்டனில் சேவற்சண்டையே சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

போருக்கு ஆகாத அப்பறவையின் மார்பில் மட்டும் வேறெந்தக் கோழியிடமும் காணாத அளவு தசை திரண்டிருந்தது. 'இந்தியப் போர்க்கோழி' என்று ஆங்கிலேயர் அழைத்த அவ்வினமே அமெரிக்காவிற்குச் சென்று 'கார்னிஷ்' என்னும் பெயரைப் பெற்றது. களத்தில் தோற்ற பறவை, ஒரு நூற்றாண்டு கழித்து உலகத்தின் அடுக்களையை வென்றது.

எனினும் கார்னிஷ் கோழிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது மிகக் குறைவாகவே முட்டையிடும். முட்டை குறைந்தால் குஞ்சு குறையும். குஞ்சு குறைந்தால் விலை ஏறும். ஆகவே, இறைச்சி மிகுந்த இனம் இருந்தும், மலிவான இறைச்சி மக்களுக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்கப் பண்ணையின் பெட்டைகள்

மறுபுறம், அமெரிக்க உழவர்கள் வேறு வகையான கோழிகளை உருவாக்கி வந்தனர். 1849இல் பாஸ்டன் நகரில் நடந்த கோழிக் கண்காட்சிக்குப் பின்னர், ஆசியக் கோழிகளைத் தம் நாட்டுக் கோழிகளோடு கலக்கும் ஆர்வம் அங்கே பெருகியது. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைக் கோடுகள் உடைய பிளிமத் ராக் இனம் அவ்வாறு பிறந்ததே. ரோட் ஐலண்டு மாநில உழவர்கள் மலாய்ச் சேவலையும் பிற ஆசியக் கோழிகளையும் தம் கோழிகளோடு கலந்து, செந்நிற இனம் ஒன்றைப் பெற்றனர். அவர்கள் எவரும் பட்டம் பெற்ற அறிவியலாளர் அல்லர். நன்கு வளர்ந்த கோழியின் முட்டையை அடைக்கு வைப்பதும், நலிந்ததைக் குழம்புக்கு அனுப்புவதுமே அவர்கள் அறிந்த மரபியல்.

அச்செந்நிறக் கோழியை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தினர் தம் மண்ணுக்கேற்பப் பதப்படுத்தினர். விரைவில் இறகு முளைப்பவை, விரைவில் வளர்பவை, நோயைத் தாங்குபவை எனத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தனர். வேற்றினக் கலப்பின்றித் தெரிவினால் மட்டுமே உருவான அவ்வினம், 'நியூ ஹாம்ப்ஷயர்' என்னும் பெயரோடு 1935இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் ஏற்பைப் பெற்றது. அதன் பெட்டை நன்றாக முட்டையிடும்; குஞ்சும் விரைந்து வளரும்.

ஐந்நூறு குஞ்சுகள்

கோழி இறைச்சி தனித்தொழிலானதற்கு ஒரு பெண்மணியின் துணிவு காரணமாயிற்று. டெலவேர் மாநிலத்தின் ஓஷன் வியூ என்னும் சிற்றூரில் வாழ்ந்த சிசில் ஸ்டீல் அம்மையார், 1923இல் முட்டைக்காக வளர்க்க எண்ணி 50 குஞ்சுகளுக்குச் சொல்லியனுப்பினார். குஞ்சு பொரிப்பகத்தின் பிழையால் 500 குஞ்சுகள் வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் திருப்பி அனுப்பவில்லை. கொட்டகை ஒன்று கட்டுவித்து வளர்த்தார். பிழைத்த 387 கோழிகளையும், ஒவ்வொன்றும் இரண்டு இறாத்தல் எடை வந்த அளவில், இறாத்தல் 62 சென்ட் விலைக்கு விற்றார். 1926இல் அவர் 10,000 கோழிகளை வளர்க்கும் நிலைக்கு உயர்ந்தார். அண்டை அயலார் அவரைப் பின்பற்ற, டெலவேரும் அதனைச் சூழ்ந்த பகுதியும் இறைச்சிக்கோழித் தொழிலின் தொட்டிலாயின.

ஆயினும் அன்றைய கோழி இன்றைய கோழியன்று. 1925இல் இரண்டரை இறாத்தல் எடையுள்ள கோழியை வளர்த்தெடுக்க 112 நாட்கள் ஆயின. ஓர் இறாத்தல் எடை கூடுவதற்கு 4.7 இறாத்தல் தீவனம் செலவாயிற்று. 1940களில் உழவர்கள் பட்டை பிளிமத் ராக் சேவலை நியூ ஹாம்ப்ஷயர் பெட்டையோடு சேர்த்து ஓரளவு நல்ல குஞ்சுகளைப் பெற்றனர். எனினும் முட்டைக்கென வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளே அவை. எலும்பு துருத்தியது, மார்பு கூராக நின்றது.

நாளைய கோழிக்கு ஒரு போட்டி

இரண்டாம் உலகப் போர் கோழிக்கு எதிர்பாராத வாய்ப்பை அளித்தது. 1943 முதல் அமெரிக்காவில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் பங்கீட்டுக்கு உட்பட்டன. கோழிக்குப் பங்கீடு இல்லை. மக்கள் கோழியை நாடினர். போர் முடிந்தால் அவர்கள் பழைய உணவுக்கே திரும்பிவிடுவர் என்னும் அச்சம் தொழிலில் ஈடுபட்டோரை வாட்டியது.

அவ்வேளையில், 'ஏ அண்டு பி' என்னும் பெரிய மளிகைக்கடை நிறுவனத்தில் கோழித்துறை ஆராய்ச்சியைக் கவனித்துவந்த ஹோவர்டு பியர்ஸ் என்பவர் ஒரு கருத்தை முன்வைத்தார். பெருமார்பும், பருத்த தொடையும், குறைந்த விலையும் உடைய கோழி ஒன்றை நாட்டிலுள்ள வளர்ப்பாளர்களே போட்டியிட்டு உருவாக்க வேண்டும் என்பதே அக்கருத்து. நிறுவனம் பொருள் தந்தது. அரசின் வேளாண்துறை துணைநின்றது. விரும்பத்தக்க கோழி எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை மெழுகில் உருவமாக வடித்து வளர்ப்பாளர்களுக்குக் காட்டினர். 1946இல் மாநில அளவிலும், 1947இல் வட்டார அளவிலும், 1948இல் நாடளாவிய அளவிலும் 'நாளைய கோழி' என்னும் பெயரில் போட்டிகள் நடைபெற்றன.

இறுதிப் போட்டியின் முறை, நேர்மைக்கு எடுத்துக்காட்டாக அமைந்தது. 25 மாநிலங்களைச் சேர்ந்த 40 வளர்ப்பாளர்கள் 720 முட்டைகள் வீதம் அனுப்பினர். குஞ்சுகள் ஒரே இடத்தில் பொரிக்கப்பட்டு, ஒரே வகைத் தீவனம் ஊட்டி, ஏறத்தாழ பன்னிரண்டு வாரங்கள் வளர்க்கப்பட்டன. உடையவர் யார் என்பது குஞ்சுக்குத் தெரியாது. ஒருவர் கோழிக்கு நல்ல தீவனம், மற்றவர் கோழிக்குக் கெட்ட தீவனம் என்னும் வேறுபாட்டுக்கும் அங்கே இடமில்லை. குஞ்சின் பிறப்பில் அமைந்த ஆற்றல் ஒன்றே அளக்கப்பட்டது.

முதற்பரிசு, கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்ல்சு வான்டிரெஸ், கென்னத் வான்டிரெஸ் ஆகியோரின் கோழிகளுக்குக் கிடைத்தது. அவர்கள் கார்னிஷ் வழியையும் நியூ ஹாம்ப்ஷயர் வழியையும் இணைத்திருந்தனர். கனெக்டிகட் மாநிலத்தில், இத்தாலியிலிருந்து குடியேறிய சாக்லியோ குடும்பத்தாரின் 'ஆர்பர் ஏக்கர்ஸ்' பண்ணையிலிருந்து வந்த வெள்ளை பிளிமத் ராக் கோழிகளும் தூய இனங்களுள் சிறந்து விளங்கின. 1951இல் ஆர்கன்சா மாநிலத்தில் நடந்த இரண்டாம் போட்டியிலும் வான்டிரெஸ் கோழிகளே வென்றன.

தந்தை வழியும் தாய் வழியும்

இவ்விரு பண்ணைகளின் வெற்றி, பழைய சிக்கலுக்கு விடை கண்டது. இறைச்சி மிகுந்த கோழி முட்டையிடாது. முட்டையிடும் கோழியிடம் இறைச்சி இராது. இவ்விரு தன்மைகளையும் ஒரே இனத்தில் உச்ச அளவில் சேர்க்க முயன்றவர்கள் தோல்வியே கண்டனர். ஆனால், தந்தை வழியில் இறைச்சியையும் தாய் வழியில் முட்டையையும் தனித்தனியே வளர்த்துக் கடைசியில் இணைத்தால் என்ன? தாய் நிறைய முட்டையிடுவதால் குஞ்சு மலிவாகும். தந்தையின் கொடையால் அக்குஞ்சு பெருமார்போடு வளரும். வேறுபட்ட வழிகள் கூடும்போது பிள்ளைகளிடம் புதிய வலிவு தோன்றுவதும் உண்டு. அதனைக் கலப்பின வீரியம் என்பர். கார்னிஷ் வழி தந்தையாகவும், வெள்ளை பிளிமத் ராக் வழி தாயாகவும் அமைவதே பின்னர் உலகெங்கும் பொதுவிதியாயிற்று. வெள்ளை நிறம் விரும்பப்பட்டதற்கும் காரணம் உண்டு. கறுப்பு இறகின் அடிக்குருத்து, பறித்த பின்னும் தோலில் புள்ளியாகத் தெரியும்; வெள்ளை இறகில் அக்குறை இல்லை.

ஆனால், இந்நுட்பத்தின் உள்ளே ஒரு பூட்டும் அமைந்திருந்தது. கலப்பினக் கோழியை உழவர் மீண்டும் இனப்பெருக்கம் செய்தால், அதன் பிள்ளைகள் ஒரு சீராகப் பிறப்பதில்லை. ஒன்று பாட்டனைக் கொண்டிருக்கும். மற்றொன்று பாட்டியைக் கொண்டிருக்கும். கலப்பின மக்காச்சோள விதையிலும் இதே தன்மை உண்டு. ஹென்றி வாலஸ் என்பார் 1926இல் அவ்விதை வாணிகத்தைத் தொடங்கினார். 1936இல் அவர் மகன் அதே முறையை முட்டைக்கோழிக்குக் கொண்டுவந்தார். விதைநெல்லைத் தன் குதிரில் வைத்திருந்த உழவன், ஆண்டுதோறும் விதைக்காகக் கடைக்குச் செல்ல நேர்ந்ததைப் போன்றதே கோழி வளர்ப்பவனின் நிலையும் ஆயிற்று. தூய வழிகள் நிறுவனத்தின் காவலில் இருந்தன. அவற்றின் வழியே கொள்ளுப்பாட்டன், பாட்டன், பெற்றோர் எனப் படிப்படியாகப் பெருகிக் கடைசியில் வரும் குஞ்சு மட்டுமே உழவனின் கொட்டகையை எட்டியது.

காலப்போக்கில் நிறுவனங்களும் ஒன்றையொன்று விழுங்கின. வான்டிரெஸ் நிறுவனத்தை 1974இல் டைசன் நிறுவனம் வாங்கியது. பின்னர் அது 'காப்' நிறுவனத்தோடு இணைந்து 'காப் வான்டிரெஸ்' ஆயிற்று. ஆர்பர் ஏக்கர்ஸ் வழியும் ராஸ் வழியும் இன்று 'ஏவியாஜென்' என்னும் ஒரே நிறுவனத்தின் கீழ் உள்ளன. 1948இல் நாற்பது வளர்ப்பாளர்கள் முட்டை அனுப்பிய களத்தில், இன்று உலகச் சந்தையின் பெரும்பகுதியை ஆள்வோரை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

வளர்ச்சியின் விலை

கலப்பும் தெரிவும் சாதித்ததன் அளவைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளுக்குரிய கோழி வழிகளை ஒரே தீவனம் கொடுத்து ஒருங்கே வளர்த்தனர். 56ஆம் நாளில் முதல்வகை 905 கிராம், இரண்டாம் வகை 1,808 கிராம், மூன்றாம் வகை 4,202 கிராம் எடை காட்டின. தீவனம் ஒன்றே ஆதலின், வேறுபாடு முழுவதும் பிறப்பினால் வந்ததே. ஊசி மருந்து போட்டுக் கோழியை ஊத வைக்கின்றனர் என்னும் ஊர்ப்பேச்சுக்கு இதைவிடத் தக்க மறுமொழி வேண்டியதில்லை.

மலிவான புரதம் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குக் கிடைத்தது இதன் நற்பயன். அதனை எவரும் மறுத்தல் இயலாது. ஆனால், அந்த விலையில் ஒரு பங்கைப் பறவை செலுத்துகிறது. தசை விரைந்து வளர, காலெலும்பும் இதயமும் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் தளர்வது உண்டு. தாய்க்கோழிகளுக்கு வயிறார உணவளித்தால் அவை கொழுத்து முட்டையிடும் திறனை இழக்கும். ஆகவே அவற்றை அரைப்பசியோடு வைத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் வளர்ப்பாளர்கள் கால் வலிமையையும் இதய நலத்தையும் தெரிவின் அளவுகோல்களுள் சேர்த்தனர். ஒன்றை மட்டுமே நோக்கி ஓடிய தெரிவு, மற்றவற்றைத் திரும்பிப் பார்க்க நேர்ந்தது.

தமக்கென ஒரு கோழி

பிறர் கையில் உள்ள பாட்டன் கோழியை நம்பி வாழ்வதன் இடரை நாடுகள் பின்னரே உணர்ந்தன. சீன நாட்டின் வெள்ளை இறைச்சிக்கோழித் தொழில் முழுவதும் வெளியிலிருந்து வரும் பாட்டன் தலைமுறைக் கோழிகளையே நம்பியிருந்தது. அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் பரவவே, 2015 சனவரியில் சீனம் அங்கிருந்து கோழி இறக்குமதியை நிறுத்தியது. உடனே வழிமரபுக் கோழிகளுக்குத் தட்டுப்பாடு தோன்றியது. அத்தட்டுப்பாடு தந்த பாடத்தின் பின்னர், 2021 டிசம்பரில் மூன்று உள்நாட்டு வெள்ளை இறைச்சிக்கோழி வகைகளை அந்நாடு முறைப்படி ஏற்றது.

இந்தியாவில் 1979இல் இசத் நகரில் நிறுவப்பெற்ற நடுவண் பறவை ஆராய்ச்சி நிறுவனம், 'காரிப்ரோ' என்னும் பெயரில் இறைச்சிக்கோழிகளை உருவாக்கியது. பிரான்சு வேறொரு வழியைத் தேர்ந்தது. 1965இல் அங்கே லாந்து வட்டாரக் கோழிக்குச் 'சிவப்பு முத்திரை' வழங்கப்பட்டது. விரைந்து வளரும் கோழிக்கு அம்முத்திரை கிடையாது. குறைந்தது 81 நாட்கள் வளர்ந்திருத்தல் வேண்டும். எடையில் தோற்றாலும் சுவையில் வெல்லும் கோழியை அந்நாடு காத்துக்கொண்டது.

மலேசியா 2022 சூன் முதல் நாள் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, தன் கோழித் தேவையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அங்கிருந்து பெற்றுவந்த சிங்கப்பூரின் சந்தைக் கடைகளும் சோற்றுக் கடைகளும் கலங்கின. அன்றைய காரணம் தீவனத்தின் விலையேற்றம். எனினும், ஒரு நாட்டின் சாப்பாட்டு மேசை எத்தனை அயல்நாட்டுக் கைகளைச் சார்ந்து நிற்கிறது என்பதை அந்நிகழ்ச்சி அனைவருக்கும் உணர்த்தியது. மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமாகிய மார்டி, கம்பத்துக் கோழியின் வழியில் 'ஆயாம் சாகா' என்னும் இனத்தை உருவாக்கியிருப்பது இவ்வகையில் கருதத்தக்கது.

கலப்புக்கு முதல் வேண்டும். அசிலும் மலாய்ச் சேவலும் இல்லாதிருந்தால் கார்னிஷ் இல்லை. கார்னிஷ் இல்லையேல் 1948இன் வெற்றியும் இல்லை. அவற்றை வளர்த்துக் காத்தவர்கள் பெயர் தெரியாத ஊரார். தம் முற்றத்துச் சேவல் ஒருநாள் உலகுக்கு உணவளிக்கும் என்று அவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். இன்றும் மலைச்சாரலிலும் கம்பத்திலும் குப்பையைக் கிளறித் திரியும் கோழிகளிடம், நோயைத் தாங்கும் ஆற்றலோ வெப்பத்தைப் பொறுக்கும் திறனோ எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை முன்கூட்டியே அளந்து சொல்வார் எவருமிலர். எடை குறைந்தது என்று அவற்றைக் கைவிட்ட நாடு, நாளைக்கு ஒரு புதுக்கோழி தேவைப்படும்போது பிறர் வாசலில் நின்று கேட்க வேண்டியதாகும். முற்றத்துக் கோழியைக் காப்பது பழமைப் பற்று அன்று. விதைநெல்லைக் காக்கும் குடியானவனின் முன்னறிவே அதுவாகும்.